ஒல்லியான உடம்பிலும் கொலஸ்ட்ரால் எகிறுமா?

கேள்வி: வயது 34. ஒல்லியான உடல்வாகு, சைவம். ஆனாலும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 248. அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தார். சாப்பாட்டை இன்னும் குறைக்கவா?

பதில்: சாப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்.டி.எல். 190-ஐத் தாண்டி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இருந்தால் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் பிறவியிலேயே போதாமல் இருக்கும்.

குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை இரு விரல்களால் பிடித்து, மேலும் கீழும் தடவிப் பாருங்கள். தடித்தோ முடிச்சு முடிச்சாகவோ இருந்தால் கொழுப்புப் படிவாக இருக்கலாம். புறங்கை நாண்களிலும் வரும். விரலை மடக்கினால் நாணோடு சேர்ந்து நகரும். 45 வயதுக்கு முன் கருவிழி ஓரத்தில் தெரியும் வெண்வளையமும் முக்கியத் தடயம். இமையில் வரும் மஞ்சள் திட்டை மட்டும் நம்ப வேண்டாம், கொலஸ்ட்ரால் சரியாக உள்ளவர்களுக்கும் அது வரும். இந்த அடையாளங்கள் இல்லாமலும் நோய் இருக்கலாம்.

முதலில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் புரதம் பாருங்கள். தைராய்டு குறைவும் சிறுநீரகக் கோளாறும் எல்.டி.எல்.லை இப்படி ஏற்றிவிடும். வீரியமான ஸ்டேட்டின் வகை மாத்திரை எல்.டி.எல்.லைப் பாதியாவது குறைக்கும். போதாவிட்டால் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பார்கள். அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள் பரிசோதியுங்கள். சொந்தத்தில் திருமணம் என்றால் துணைக்கும் அவசியம். இருவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு சேர்ந்து இரட்டைக் கோளாறு வரும், எல்.டி.எல். பெரும்பாலும் 400-ஐத் தாண்டும், சிறுவயதிலேயே மாரடைப்பும் வரலாம்.