பொருள் தெரியாமல் எழுதும் கடிதம்

கேள்வி: டென்மார்க்கைச் சேர்ந்த இன்றைய கலைஞர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்? அவருடைய வாழ்க்கை, படைப்புகள் பற்றிச் சொல்ல முடியுமா?

யான் வோ. ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'டான்' என்றுதான் படிக்கத் தோன்றும். தென் வியட்நாம் உச்சரிப்பில் அது 'யான்'. பழந்தமிழில் 'நான்' என்பதற்கு உள்ள அதே சொல். தற்செயல்தான். ஆனாலும் தன் குடும்பத்துக் காகிதங்களையும் வீட்டுச் சாமான்களையும் வைத்தே பெரும்பாலும் வேலை செய்யும் ஒருவருக்கு இந்தப் பெயர் வாய்த்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

2018-இல் வேலை விஷயமாகக் கோபன்ஹேகன் போயிருந்தேன். அங்குள்ள தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு மீட்டிங் தள்ளிப்போனதால் உள்ளே நுழைந்தேன், அவ்வளவுதான். அவர் பெயரைக்கூட அதற்கு முன் கேட்டதில்லை. சட்டம் போட்ட ஒரு ஏ4 தாள் முன்னால் நின்றேன். பிரெஞ்சில் கையால் எழுதிய கடிதம். எழுத்துகள் சாய்ந்து, ஒன்றோடொன்று கோத்து, வரி பிசகாமல் போகின்றன. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர் எழுதியது என்று நினைத்துக்கொண்டு, அதைப் பற்றிய குறிப்பைப் படித்தேன். அப்புறம் அங்கிருந்து நகர வெகுநேரம் ஆனது.

அந்தக் கடிதத்தை முதலில் எழுதியவர் தியோஃபான் வெனார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். வியட்நாமில் மறைப்பணி செய்ததற்காகப் பிடிபட்டு, கூண்டில் அடைக்கப்பட்டு, 1861 பிப்ரவரி 2 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டவர். சாவதற்குச் சில நாட்களுக்கு முன் ஊரில் இருந்த அப்பாவுக்கு எழுதி விடைபெறுகிறார். தோட்டத்துக்காரர் வசந்தகாலப் பூவைப் பறிப்பதுபோல ஒரு சின்ன வாள்வீச்சில் தன் தலை பிரிந்துவிடும் என்கிறார். யான் வோவின் படைப்புக்குப் பெயரே '2.2.1861'. ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்தவர் யான் வோவின் அப்பா, ஃபுங் வோ. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. யாராவது ஒரு பிரதி கேட்டால், உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதி, உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார். 2009-இல் தொடங்கிய வேலை. மொத்தம் இத்தனை பிரதிகள் என்று கணக்கு வைக்கவில்லை. அவர் ஆயுள் எவ்வளவோ, பிரதிகளும் அவ்வளவு.

என் அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் கையெழுத்தில் என்னிடம் மிச்சமிருப்பது ஒரு பால் கணக்கு நோட்டு. அரை லிட்டர், அரை லிட்டர், ஒன்று, அரை என்று வரிசையாக இருக்கும். ஊர் திரும்பியதும் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தேன்.

சரி, வாழ்க்கைக்கு வருகிறேன். யான் வோ பிறந்தது 1975-இல், தெற்கு வியட்நாமின் பா ரியாவில். வியட்நாம் போர் முடிந்து, தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த வருடம் அது. குடும்பத்தை ஃபூ குவோக் தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருக்கு நான்கு வயதாகும்போது, தாங்களே கட்டிய படகில் தப்பிக் கடலில் இறங்கினார்கள். மேர்ஸ்க் நிறுவனத்தின் சரக்குக் கப்பல் ஒன்று அவர்களைக் காப்பாற்றியது. கப்பல் டென்மார்க்குடையது, அதனால் குடும்பமும் டென்மார்க்கில் குடியேறியது. வேறு கொடி கட்டிய கப்பல் வந்திருந்தால் நான் இந்தக் கேள்விக்கு வேறு யாரையாவது பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

குடும்பப் பெயரான 'வோ' வியட்நாமில் முதலில் வரும். டென்மார்க்கில் பதிவு செய்தபோது அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியலை எந்தக் கட்டத்தில் விரித்து எழுதுவது என்று திணறியவர்களுக்கு இது உடனே புரியும். பிறகு அவரே, தனக்கு வேண்டியவர்களைச் சட்டப்படி மணந்து உடனே விவாகரத்தும் செய்து, அவர்களுடைய குடும்பப் பெயர்களைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ரோசாஸ்கோ, ராஸ்முசென் என்று பெயர் நீண்டது. அதுவும் அவருடைய படைப்புகளில் ஒன்று.

கோபன்ஹேகனிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் கலை படித்தார். 2012-இல் சமகாலக் கலைக்கான ஹ்யூகோ பாஸ் பரிசு, 2015-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் டென்மார்க்கின் பிரதிநிதி.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது, "கடிதம் பாதிரியாருடையது, கையெழுத்து அப்பாவுடையது, இதில் இவர் என்ன செய்தார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்னது பாட்டியின் ஃபிரிட்ஜைப் பற்றி. ஜெர்மனிக்கு அகதியாகப் போன பாட்டிக்கு நிவாரணமாக வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், டிவி கொடுத்தார்கள். தேவாலயத்தில் ஒரு மரச் சிலுவை. யான் வோ இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிலுவையை ஃபிரிட்ஜில் மாட்டிவிட்டார். ஒரு நாடு அகதி ஒருவரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பது அந்த அடுக்கில் அப்படியே தெரிகிறது: துணி துவை, சமைத்துச் சாப்பிடு, டிவி பார், கும்பிடு. பொருள்கள் எல்லார் வீட்டிலும் இருப்பவை. அவற்றை அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் கண்தான் அவருடையது.

அப்பாவின் ரோலெக்ஸ் கைக்கடிகாரம், லைட்டர், அமெரிக்க ராணுவ மோதிரம் மூன்றையும் ஒரு கண்ணாடிப் பேழையில் வைத்ததும் இதே கண்தான். பாரிஸின் மஜெஸ்டிக் ஹோட்டலில், 1973-இல் வியட்நாம் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான மண்டபத்தின் சரவிளக்குகளையும் வாங்கி, கழற்றி இறக்கிய நாளையும் நேரத்தையுமே தலைப்பாக வைத்திருக்கிறார்.

அளவில் பெரியது 'வீ த பீப்பிள்' ('மக்களாகிய நாம்', அமெரிக்க அரசியல் சட்டத்தின் தொடக்கச் சொற்கள்). நியூயார்க் சுதந்திர தேவி சிலையை அசல் அளவிலேயே சீனாவில் செப்புத் தகட்டில் அடித்துச் செய்ய வைத்தார், ஆனால் துண்டு துண்டாக, சுமார் 250 துண்டுகள். 2011-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் முதல் பகுதியைக் காட்டினார். அவை முழுச் சிலையாக ஒன்றுசேரவே போவதில்லை, பல நாடுகளின் அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. 46 மீட்டர் உயரச் சிலையின் செப்புத் தோல் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை என்று தெரிந்ததும்தான் இதைச் செய்யத் தோன்றியதாம். எங்காவது ஒரு துண்டைப் பார்க்க வாய்த்தால், அது ஆடை மடிப்பா தோளா என்று முன்னால் நின்று யோசித்துவிட்டு, அவசியம் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். தகட்டைத் தாங்கும் பட்டைகள் அங்கே வெளியே தெரியும்.