தெரியும் மீனும் இருக்கும் மீனும்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில் வசிக்கிறேன். பகலில் வில்லால் கார்ப் மீன்களை அடித்து ஓரளவு பழகிவிட்டேன். இந்த ஆண்டு படகில் விளக்குக் கட்டி இரவிலும் போகிறோம். குறி அலிகேட்டர் கார் மீன்தான் (முதலை போன்ற மூக்குள்ள பெரிய ஆற்று மீன்), ஆறடிக்கு மேல் ஒன்று. மூன்று முறை வாய்ப்பு வந்தது, மூன்றும் கைநழுவியது. முதல் அம்பு முதுகுக்கு மேலேயே போய்விட்டது. இரண்டாவது மீன்மேல் பட்டுத் தெறித்தது. மூன்றாவது ஏறியது, ஆனால் மீன் ஓடிய வேகத்தில் நூல் அறுந்து அம்போடு போய்விட்டது. என்னிடம் இருப்பது 45 பவுண்டு இழுவிசை கொண்ட, சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில், பொத்தான் அழுத்தும் தூண்டில் ரீல், 200 பவுண்டு நூல். அடுத்த மாதம் டிரினிட்டி ஆற்றில் இரவில் இறங்கலாம் என்று இருக்கிறோம். எதை மாற்ற வேண்டும்?

வி.

அன்புள்ள வி.,

முதலில் டிரினிட்டி. அங்கே இரவில் வில்லோடு போக வேண்டாம். டாலஸில் ஐ-30 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து கீழே சேம்பர்ஸ் கவுண்டியின் ஐ-10 பாலம் வரை, லிவிங்ஸ்டன் ஏரியையும் சேர்த்து, இரவில் வில்லால் அலிகேட்டர் கார் எடுப்பதை 2019 செப்டம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். அந்தப் பகுதியில் 48 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைப் பகலில்கூட வைத்துக்கொள்ள முடியாது. குலுக்கலில் அனுமதிச் சீட்டு கிடைத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நீங்கள் தேடும் ஆறடி மீன் அங்கே சட்டப்படி உங்களுடையது ஆகாது. மற்ற ஆறுகளிலும் பொதுவாக நாளுக்கு ஒரு மீன்தான், பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாநில வனவுயிர்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். செப்டம்பர் 1 அன்று புதிய உரிம ஆண்டு தொடங்கும்போது விதிகளும் மாறக்கூடும். கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மூன்று அம்புகள். மூன்றும் மூன்று வேறு காரணங்களால் தவறியவை, ஆகவே வில்லை மட்டும் மாற்றினால் தீராது.

முதுகுக்கு மேலே போன அம்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நீரிலிருந்து வெளியே வரும் ஒளி வளைவதால் மீன் உண்மையில் இருப்பதைவிட மேலே தெரிகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. எவ்வளவு மேலே என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. படகின் மேடையில் நிற்கும்போது உங்கள் கண் நீர்மட்டத்துக்கு 8 அடி மேலே இருக்கிறது, 45 டிகிரி சாய்வில் பார்க்கிறீர்கள், மீன் 2 அடி ஆழத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிகிற மீனின் நடுவைக் குறிவைத்து விட்டால், அம்பு உண்மையான மீனின் நடுவுக்கு 9 அங்குலம் மேலே போகும். ஆறடி மீனின் உடல் உயரத்தில் பாதி அந்த 9 அங்குலத்தைவிடக் குறைவு. ஆக அம்பு சுத்தமாக முதுகைத் தாண்டிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

45 டிகிரிச் சாய்வுக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கீழே. 1 அடி ஆழத்துக்கு நாலரை அங்குலம், 2 அடிக்கு 9, 3 அடிக்கு ஓரடிக்கும் கூடுதல். வில்மீன்காரர்கள் சொல்லும் 'பத்துக்கு நாலு' விதியும் (10 அடி தூரம், 1 அடி ஆழம், 4 அங்குலம் கீழே) ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. தூரம் இரட்டித்தாலும் இரட்டி, ஆழம் இரட்டித்தாலும் இரட்டி என்று அந்த விதியை நீட்டிச் சொல்வதுண்டு. ஆழத்துக்கு அது சரி. தூரத்துக்கு முழுக்கச் சரியில்லை. 20 அடி தூரத்தில் பிழை ஆழத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தூரத்தில் அம்பு நீருக்குள் நீண்ட பாதை போக வேண்டியிருப்பதால் வேகம் செத்துவிடும். எனவே பெரிய மீனுக்கு 20 அடி என்ற பேச்சே வேண்டாம். 12 அடிக்குள் வந்தால் மட்டும் நாணை இழுங்கள்.

இருட்டில் 'கீழே 9 அங்குலம்' என்று அளப்பது கடினம். அதைவிட நீர்ப்பரப்பைப் பார்ப்பது எளிது. மேலே சொன்ன அதே நிலையில், பார்வைக் கோடு நீரைத் தொடும் புள்ளிக்கு 7 அங்குலம் உங்கள் பக்கமாக அம்பு நீரில் நுழைய வேண்டும். ஒரு சாணைவிடச் சற்றுக் குறைவு. அந்தப் புள்ளியையே பாருங்கள், மீனைப் பார்க்காதீர்கள். விளக்கொளியில் மின்னும் பெரிய உடலை விட்டுக் கண் நகர மறுக்கும். தவறும் அம்புகளில் பெரும்பாலானவை அங்கேதான் தவறுகின்றன.

சரி, ஆழம் 2 அடி என்று எப்படித் தெரியும்? படகில் அடிக்கணக்கு வண்ணம் பூசிய ஒரு கம்பு இருக்கட்டும். தரையைத் தொட்டுப் பார்த்தால் நீரின் ஆழம் தெரிந்துவிடும். மீன் தரையில் கிடக்கிறதா, நடுவில் நிற்கிறதா என்பதை அதன் நிழல் சொல்லும். உங்கள் விளக்கு சாய்வாக விழுவதால் மீனின் நிழல் அதற்கு அப்பால் தரையில் படியும். நிழல் வயிற்றை ஒட்டியிருந்தால் மீன் தரையில் இருக்கிறது. நிழலுக்கும் மீனுக்கும் இடைவெளி கூடக் கூட மீன் மேலே இருக்கிறது. பகலில் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காத இந்தக் குறிப்பை இரவு உங்களுக்குச் சும்மா தருகிறது. கலங்கிய நீரில் மட்டும் இது உதவாது.

பயிற்சிக்கு மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள் போதும். 1, 2, 3 அடி ஆழங்களில் போட்டு, அதே மேடையில், அதே விளக்கில் அடியுங்கள். அம்போடு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடுங்கள். பகலில் கரையிலிருந்து பழகிய கைக்கு மேடையின் உயரம் எல்லாக் கோணத்தையும் மாற்றிவிடுகிறது.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. தெளிந்த நீருக்கு வெள்ளை ஒளி, கலங்கிய நீருக்கு மஞ்சள் கலந்த ஒளி. விளக்குகள் உங்கள் பாதத்துக்குக் கீழே, நீருக்கு அருகில், கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும். உயரத்தில் கட்டினால் பரப்பின் பளபளப்பும் பூச்சியும்தான் மிஞ்சும். 50 வாட் எல்இடி ஆறு என்றால் 300 வாட், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி கணக்குப்படி 4 மணி நேரம் வரும். மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்மோட்டாருக்குத் தனி பேட்டரி வேண்டும். காற்று அடித்துப் பரப்பு நெளியும் இரவில் பெரிய மீனைத் தேடுவது வீண். ஒவ்வொரு அலையும் மீனை வேறு இடத்தில் காட்டும்.

இரண்டாவது அம்பு தெறித்ததற்கு வருகிறேன். கார் மீனின் செதில் கார்ப் செதில் மாதிரி அல்ல. சாய்சதுரமான எலும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து, மேலே பற்பூச்சு போன்ற கடினப் படலம். அதன்மேல் அம்பு சறுக்கலாகப் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல வழுக்கும். உடலுக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில், தலைக்குச் சற்றுப் பின்னே விழ வேண்டும். மீன் உங்களை நோக்கியோ உங்களுக்கு வாலைக் காட்டியோ நீளவாட்டில் கிடந்தால் காத்திருங்கள். படகை மெல்ல வளைத்துக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுக் காட்சி கிடைத்த பிறகு விடுங்கள்.

45 பவுண்டு கார்ப்புக்குப் போதும், இதற்கு 50 முதல் 60 வேண்டும். அதைவிட முக்கியம், முழுக்க இழுத்தீர்களா என்பது. அவசரத்தில் காம்பவுண்ட் வில்லைப் பாதி இழுத்து விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பாதி இழுவையில் பாதி ஆற்றல்கூடக் கிடைக்காது. நாண் சக்கரத்திலிருந்து நழுவவும் கூடும். இழுக்க இழுக்கப் பளு சீராக ஏறும், சக்கரமில்லாத ரீகர்வ் வில் அல்லது முழு இழுவையிலும் பளு குறையாத வகை வில், இரவு வேட்டைக்கு ஏற்றது. அம்பு கெட்டி ஃபைபர்கிளாஸ், 32 அங்குலம், இறகு இல்லாதது. முனையை அரத்தால் தீட்டுங்கள். கல்லில் ஒரு முறை பட்டாலே கூர் போய்விடும்.

மூன்றாவது, நூல். மீன் ஏறியபின் அறுந்தது என்பதால் பொத்தானை அழுத்த மறந்தது காரணமில்லை. (அதை மறந்திருந்தால் அம்பு கிளம்பிய கணமே அறுந்திருக்கும், அல்லது உங்கள் முகத்துக்கே திரும்பியிருக்கும்.) பொத்தான் ரீலில் இருக்கும் நூல் கொஞ்சம்தான். நூறு பவுண்டு மீன் ஒரே ஓட்டத்தில் அதை முடித்துவிடும். நூல் தீர்ந்த இடத்தில் முழு இழுப்பும் தேய்ந்த பகுதியில் விழும். தேய்வது எப்போதும் அம்பை ஒட்டிய முதல் ஒரு மீட்டர்தான். ஒவ்வொரு இரவும் அதை வெட்டி எறிந்து புதிதாகப் பலோமர் முடிச்சுப் போடுங்கள்.

பெரிய கார் மீனுக்கான அமைப்பே வேறு. 400 முதல் 600 பவுண்டு பின்னல் நூல், அது தளர்வாகச் சுருண்டு கிடக்கும் பாட்டில் ரீல், நூலின் மறுமுனையில் கழன்று போகும் மிதவை. அம்பு ஏறியதும் மிதவையை நீரில் விட்டுவிடுங்கள். மீன் மிதவையை இழுத்துக் களைக்கட்டும், நீங்கள் படகில் பின்தொடருங்கள். மிதவையில் ஓர் ஒளிக்குச்சி கட்டாவிட்டால் இருட்டில் அதைத் தொலைப்பீர்கள். அம்புமுனையும் தண்டிலிருந்து கழன்று, எஃகுக் கம்பியால் நூலோடு இணைந்திருக்கும் வகையாக இருக்கட்டும். கார் மீன் உருளும். நீண்ட தண்டு உடலில் நின்றால் அதுவே நெம்புகோலாகி முனையைப் பிடுங்கிவிடும், இல்லையேல் தண்டு முறியும். மீன் படகருகே வந்ததும் தனி நூலுள்ள இரண்டாவது அம்பு போட்ட பிறகே இழுங்கள். நூலை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கையுறை போட்டுப் பிடியுங்கள்.

உங்கள் அம்பில் நூல் எங்கே கட்டியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பின்முனைத் துளையில் நேராகக் கட்டியிருந்தால் இன்றே மாற்றுங்கள். நாணுக்கு அருகில் தொங்கும் நூல் நாணில் சிக்கினால் அம்பு பாதி வழியில் நின்று கண்ணை நோக்கித் திரும்பி வரும். இதில் உயிர் போயிருக்கிறது. தண்டின்மேல் ஓடும் ஸ்லைடில் நூலைக் கட்டினால், நாணேற்றியிருக்கும்போது ஸ்லைடு வில்லுக்கு முன்னால் நிற்கும். விட்டபின் பின்னே ஓடும். ஒவ்வொரு அம்புக்கும் முன் விரலால் தொட்டு நூல் வில்லுக்கு முன்புறம்தான் இருக்கிறதா என்று பாருங்கள், முனை இறுகியிருக்கிறதா என்றும். தண்டைப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். பஞ்சு இழை சிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறது, அந்த அம்பைத் தூக்கிப் போடுங்கள். மேடையில் நிற்பவர் உயிர்காப்புச் சட்டை போட்டே நிற்க வேண்டும்.

இன்னொன்று, எந்த மீனை விடுவது. தூண்டிலில் பிடித்ததைத் திரும்ப விடலாம், அம்பில் அது கிடையாது. பெண் அலிகேட்டர் கார் முட்டையிடும் வயதுக்கு வரவே ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். பெரியவை பெரும்பாலும் பெண்களே. 2011-இல் மிசிசிப்பியில் வலையில் சிக்கிய 327 பவுண்டு, எட்டரை அடி மீன் போன்றவை உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வசந்தத்தில் ஆறு கரை புரண்டு புல்வெளிகளில் நீர் ஏறும்போது அவை முட்டையிட ஆழமில்லாத நீருக்குக் கூட்டமாக வரும். அப்போது அடிப்பது மிக எளிது. அதனாலேயே அப்போது அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அம்போடு தப்பிய மீனையும் அன்றைய உங்கள் ஒரு மீனாகக் கணக்கிட்டுக் கரையேறுங்கள். கூடவே, இரவில் எளிதாகக் கிடைக்கும் எருமை மீனை (பஃபலோ, கார்ப் போலத் தெரியும் உள்ளூர் இனம்) 'குப்பை மீன்' என்று குவிக்காதீர்கள். பெருவாய் எருமை மீன் 112 ஆண்டுகள் வாழ்வதை 2019-இல் வந்த ஆய்வு காதெலும்பு வளையங்களை எண்ணிக் காட்டியது. கை பழக வேண்டுமென்றால் வெளியிலிருந்து வந்த கார்ப் இனங்கள் இருக்கின்றன.

அளவை ஒளியில் நம்பவும் முடியாது. நீர் மீனை அருகில் காட்டுவதால் ஐந்தடி ஆறடியாகத் தெரியும். 32 அங்குல அம்பு இரண்டை மனதில் வரிசையாக வைத்துப் பாருங்கள்; அதையும் தாண்டி 8 அங்குலம் மிச்சமிருந்தால்தான் ஆறடி. அகன்ற குட்டை மூக்கு அலிகேட்டர் கார். ஒல்லியான நீண்ட மூக்கு வேறு இனம்.

கரைக்கு வந்ததும் அளந்து துறைக்குத் தெரிவித்துவிடுங்கள். கத்தி செதிலில் ஏறாது. தகரம் வெட்டும் கத்தரியால் முதுகு நெடுக வெட்டித் தோலை விரித்தால் இருபுறமும் நீளமான வெள்ளைச் சதை கிடைக்கும். பெண் மீனாக இருந்தால் முட்டைகளைத் தனியே எடுத்துப் புதைத்துவிடுங்கள். அவை மனிதருக்கும் நாய் பூனைக்கும் நஞ்சு.