டிஸ்க் டிரைவுக்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் தம்பியுடன் வசிக்கிறேன். பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. டிவியில் இணைத்து கேம் விளையாடும் ப்ளேஸ்டேஷன் 5 கன்சோல் வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் பத்தாயிரம் ரூபாய் குறைவு, கேம்களை டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்கிறான் தம்பி. ஆண்டுக்கு நான்கைந்து கேம் வாங்குவோம். எல்லாம் கதையுள்ள கேம்கள். ஒரு முறை முடித்துவிட்டால் மறுபடி தொடுவதில்லை. எது லாபம்?

பதில்: முடித்த கேமை மறுபடி தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, இந்தக் கணக்கைத் தீர்மானிப்பது அதுதான். டிஸ்க் டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள்.

ப்ளேஸ்டேஷன் 5-இன் மெல்லிய வடிவமான ஸ்லிம் மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது டிரைவ் உள்ளது 54,990 ரூபாய், இல்லாதது 44,990 ரூபாய். அந்த 10,000 ரூபாய் எப்போது திரும்பி வரும் என்று பார்ப்போம். புதிய கேம் ஒன்றை 4,999 ரூபாய்க்கு டிஸ்க்காக வாங்கி, ஒரு மாதத்தில் முடித்து, லேமிங்டன் ரோடு கடையிலோ தெரிந்தவரிடமோ 3,000 ரூபாய்க்கு விற்றுவிட்டால், உங்களுக்கு ஆன செலவு சுமார் 2,000 ரூபாய்தான். அதே கேமை டவுன்லோடாக வாங்கினால் அந்த 4,999 ரூபாயும் போனதுதான். அதை விற்கவும் முடியாது, பிறருக்கு மாற்றித் தரவும் முடியாது. நான்கு கேம்களில் 12,000 ரூபாய் மிஞ்சுகிறது. டிஸ்க்குக்கு 2,000 ரூபாய்தான் கிடைக்கிறது என்றாலும் ஐந்தாவது கேமில் கணக்கு நேராகிவிடும். ஆனால் முடித்த கையோடு விற்க வேண்டும். அலமாரியில் ஆறு மாதம் கிடந்தால் விலை இறங்கிவிடும். கீறல் விழுந்தால் இன்னும் இறங்கும்.

தம்பியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ஸ்டோரில் தள்ளுபடி அடிக்கடி வருகிறது. வெளிவந்து ஓராண்டு ஆன கேம் பாதி விலைக்குக் கிடைப்பது சாதாரணம். தள்ளுபடிக்குக் காத்திருந்து மட்டுமே வாங்கும் பொறுமை இருவருக்கும் உண்டென்றால், பத்தாயிரத்தை மீட்கப் பல ஆண்டுகள் ஆகும், அப்போது அவர் சொல்வதே சரி. வெளியான வாரமே வாங்கும் வழக்கம் இருந்தால் டவுன்லோடைப் போல நஷ்டம் வேறில்லை. வாங்கியது பிடிக்கவில்லை என்றாலும், ப்ளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாட்களுக்குள், அதுவும் டவுன்லோடைத் தொடங்காமல் இருந்தால் மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும்.

டவுன்லோடில் நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதை விளையாடும் உரிமத்தை மட்டுமே. இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் எண்ணிவிட வேண்டாம்: யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' கேமை இணையம் வழியே இயக்கிவந்த சர்வர்களை நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியவில்லை. சர்வரை நம்பி ஓடும் கேமுக்கு டிஸ்க் வாங்கியும் பெரிய பலன் இல்லை.

இன்னொன்று. ஒரே கன்சோலில் உங்கள் கணக்கில் வாங்கியதைத் தம்பியும் தன் கணக்கிலிருந்து விளையாடலாம். நாளை அவர் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனால் கேம்கள் உங்கள் கணக்கோடுதான் நிற்கும். டிஸ்க் என்றால் பையில் போட்டுக் கொடுத்தனுப்பலாம்.

ஸ்லிம் மாடலில் டிரைவைப் பிறகு தனியாக வாங்கியும் பொருத்தலாம். அந்த எண்ணம் இருந்தால், அது உங்கள் கடையில் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரித்த பிறகே மலிவான மாடலுக்குப் பணம் கட்டுங்கள்.

எந்த மாடலை வாங்கினாலும் ஸ்டோரில் கார்டு விவரத்தைச் சேமிக்காதீர்கள். உங்கள் வருமானத்துக்குக் கேம் செலவு மாதம் 1,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அந்தத் தொகையைத் தனியே எடுத்துவைத்து, டவுன்லோடு வாங்கும்போது கிஃப்ட் கார்டு மூலம் ஸ்டோரில் உள்ள உங்கள் வாலட்டில், அதாவது முன்பணக் கணக்கில், ஏற்றிக்கொள்ளுங்கள். டிஸ்க் விற்ற பணமும் தனியே எடுத்துவைத்த அந்தத் தொகையோடு சேரட்டும்.