பட்டறைக் கேள்வி பதில்: ரிங் மாற்றியும் நிற்காத புகை

கேள்வி: 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்துளை) உள்ள பழைய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் புது பிஸ்டன் ரிங் போட்டேன். சிலிண்டரை உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோலில் கழுவித்தான் மாட்டினேன். 2 மணி நேரம் ஓட்டியும் நீலப் புகை நிற்கவில்லை. மறுபடி பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: ஸ்பேனரை எடுப்பதற்கு முன் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற எஞ்சினைக் கிளப்பியதும் குபீரென்று வந்து அடங்கினாலோ, த்ராட்டிலை மூடி ஓட்டிவிட்டுத் திறக்கும்போது வந்தாலோ வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சீலையும், தண்டு ஓடும் கைடையும் பாருங்கள். பாரம் இழுக்கும்போது தொடர்ந்து புகைந்தால் ரிங் பக்கம்தான் கோளாறு. காம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கருவி) இருந்தால் முதலில் அப்படியே ஒரு முறை அளந்துவிட்டு, பிளக் துளை வழியே 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ கசிகிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். காம்ப்ரஷன் சரியாக இருந்தும் பாரத்தில் புகைந்தால் ஆயில் ரிங்கை (சுவரில் உள்ள ஆயிலை வழித்துவிடும் அடி ரிங்) சந்தேகப்படுங்கள். அதன் நடுவில் இருக்கும் அலை வடிவ ஸ்பிரிங்கின் முனைகள் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் புகை நிற்கவே நிற்காது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், பிரிப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. காரணம், பெட்ரோல் கழுவல். பெட்ரோல் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு போகுமே தவிர, தேய்த்த தூளைப் போரின் கீறல்களிலேயே விட்டுவிடும். அந்தத் தூள் புது ரிங்கை உள்ளிருந்தே அரைக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு எஞ்சின் ஆயிலில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் வரும்வரை துடைக்க வேண்டும். கழுவிய வார்ப்பிரும்பு நிமிடக்கணக்கில் துருப்பிடிக்கும் என்பதால் உடனே ஆயில் தடவுங்கள். கிராங்க்கேஸில் உள்ள ஆயிலையும் கொட்டிவிடுங்கள். தூள் அதிலும் இறங்கியிருக்கும்.

பிரித்தபின் ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வாயிடைவெளியை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, அளங்கள். கையேடு கிடைக்காவிட்டால் போரின் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் 0.3 முதல் 0.4 மி.மீ. என்பது பழைய கணக்கு; உங்கள் போருக்கு 0.15 முதல் 0.20 வரும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி போரைக் கிழிக்கும். அரத்தால் தேய்ப்பதானால் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் தேயுங்கள்.

போரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லாதவர்களுக்கு இந்த இடைவெளியே போர்த் தேய்மானத்தையும் சொல்லிவிடும். ரிங் ஓடாத அடிப்பகுதியில் ஒரு முறை, ரிங் ஓட்டத்தின் மேல்முனையில் ஒரு முறை அளந்து, வித்தியாசத்தை 3.14ஆல் வகுங்கள். கீழே 0.20, மேலே 0.50 என்றால் மேலே விட்டம் சுமார் 0.095 மி.மீ. அதிகம். இவ்வளவு தேய்ந்த போரில் எந்தப் புது ரிங்கும் நிற்காது. ரீபோர் செய்து (போரைப் பெரிதாகக் கடைந்து) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதுதான் வழி.

போர் சரியாக இருந்தால் 220 முதல் 280 கிரிட் (சொரசொரப்பின் அளவு) கல்லால் போரைத் தேய்த்து ஹோன் செய்யுங்கள். கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் ஓடினால்தான் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்; 45 முதல் 60 டிகிரி கோணம் போதும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான், வெறும் உப்புத்தாளால் அதைக் கொண்டுவருவது கடினம். பூச்சுப் போட்ட அலுமினிய சிலிண்டரில் இந்தக் கல்லை வைக்கவே வேண்டாம்.

மாட்டும்போது ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே வரட்டும். இரண்டாவது ரிங் தலைகீழானால் ஆயிலை வழித்துக் கீழே விடுவதற்குப் பதில் மேலே ஏற்றும். வாய்களை 120 டிகிரி தள்ளித் தள்ளி வையுங்கள். கிளப்பியதும் வெறும் ஐட்லிங்கில் நெடுநேரம் விடாதீர்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம். மிதமான பாரம் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

கேள்வி: அலுமினிய மூடியில் மரை போடும்போது எம்6 டேப் (6 மி.மீ. மரை வெட்டும் கருவி) உள்ளேயே உடைந்துவிட்டது. டிரில் ஏறவில்லை.

பதில்: ஏறாது, டேப்பும் டிரில் அளவுக்கே கடினமானது. படிகாரம் உதவும். கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்நீர் விட்டு, இனிக் கரையாது என்னும் அளவுக்குப் படிகாரம் போட்டு, மூடியை மூழ்க வைத்துக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக வைத்திருங்கள். டேப்பிலிருந்து குமிழி எழும்பினால் எஃகு கரைகிறது. அவ்வப்போது கறுப்புப் படிவைத் துலக்கிவிட்டு, குறைந்த நீரை ஈடுசெய்யுங்கள். ஒரு நாள்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். வெளிவருவது ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டமான இடத்தில் மின்சார அடுப்பில் வையுங்கள். பேரிங், டவல் பின் (பாகங்களை இடம் மாறாமல் பொருத்தும் சிறு முளை) எல்லாவற்றையும் முன்பே கழற்றிவிடுங்கள். எஃகு என்றால் அவையும் கரையும். வால்வு சீட் உள்ள சிலிண்டர் ஹெட்டை இப்படி மூழ்கடிக்கவே கூடாது.

அடுத்த முறை துளை 5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்து, மண்ணெண்ணெய் விட்டு, ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் டேப்பைப் பின்னோக்கித் திருப்பிச் சீவலை ஒடியுங்கள்.

கேள்வி: சிறிய லேத்தில் 20 மி.மீ. மைல்டு ஸ்டீல் கம்பியைத் துண்டிக்கும்போது டூல் நடுங்கி, கடித்து நின்றுவிடுகிறது.

பதில்: நடுக்கம் தொடங்கியதும் பலரும் டூல் தள்ளுவதை மெதுவாக்குகிறார்கள். அப்போது டூல் வெட்டாமல் உரசி நடுக்கத்தைக் கூட்டும். குறைக்க வேண்டியது வேகத்தை. சாதாரணமாக 400 ஆர்.பி.எம்.மில் கடையும் கம்பியைத் துண்டிக்க 130 முதல் 200 போதும். கம்பியைப் பிடிக்கும் சக்கிலிருந்து வெட்டுமிடம் கம்பியின் விட்டத்துக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. டூல் தேவைக்கு மேல் ஒரு மி.மீ.கூட நீண்டிருக்க வேண்டாம். முனை சரியாக சென்டர் உயரத்தில் இருக்கட்டும். டூலைத் தாங்கி நீளவாக்கில் ஓடும் கேரேஜைப் பூட்டி, குறுக்கு ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் திருகுகளை இறுக்கி, கட்டிங் ஆயில் விட்டுக்கொண்டே ஒரே சீராகத் தள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் கடித்தால், டூலைத் தலைகீழாகப் பின்பக்க டூல்போஸ்ட்டில் மாட்டிப் பாருங்கள். அங்கே வெட்டு விசை டூலை மேல்நோக்கித் தூக்கும். கம்பிக்கு அடியில் இழுத்துச் செருகாது.