நுரையீரலில் சிறு முடிச்சு: துளைவழி அறுவையில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வாசகர் கேள்விகளுக்கு மார்பு அறுவை, கதிரியக்கத் துறை மருத்துவர்களின் பதில்கள்

என் கணவருக்கு வயது 56. வலது நுரையீரலில் 8 மி.மீ. முடிச்சு. சி.டி.யில் பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் ஆபரேஷன் அன்று காலை, 'முதலில் ஒயர் வைக்கணும்' என்று மறுபடியும் சி.டி. அறைக்கு அனுப்பப் போகிறார்களாம். தெரிகிற கட்டியை நேராக எடுக்க முடியாதா?
– வாசகி, ஈரோடு

சி.டி. எடுத்தபோது உங்கள் கணவர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். நுரையீரல் முழுக்கக் காற்று. அறுவை மேசையில் நிலைமை நேர் எதிர். இரட்டைக் குழல் உள்ள சுவாசக் குழாயைச் செலுத்தி, இடது நுரையீரலை மட்டும் இயங்கவைத்து, வலதைச் சுருங்க விடுவார்கள். அப்போதுதான் கேமராவும் கருவிகளும் நுழைய இடம் கிடைக்கும். ஆனால் சுருங்கியதும் முடிச்சு பழைய இடத்தில் இருக்காது. கேமராவில் தெரிவதும் நுரையீரலின் மேலுறை மட்டும்தான்.

மிச்சமிருப்பது விரல். சிறு துளை வழியாக ஒரு விரல் போகும். எல்லா மூலைக்கும் எட்டாது. முடிச்சு கெட்டியாக, மேலுறையை ஒட்டி, அதை உள்ளிழுத்துச் சுருக்கியபடி இருந்தால் கண்ணே கண்டுபிடித்துவிடும். அதற்கு ஒயர் தேவையில்லை. 10 மி.மீ.க்கு உட்பட்டது, மேலுறையிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் ஆழத்தில் இருந்தால் கதை வேறு. 1999-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், இப்படிப்பட்ட முடிச்சுகள் அகப்படாமல் போகும் வாய்ப்பு 63 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' (சி.டி.யில் மங்கலான புகைத்திட்டு போலத் தெரிவது) என்று எழுதியிருந்தால் இன்னும் சிரமம். சுற்றியுள்ள நுரையீரலைப் போலவே மெத்தென்று இருப்பதால் கைக்குத் தட்டுப்படாது.

அகப்படாவிட்டால் விலா இடுக்கைப் பெரிதாகத் திறக்க நேரும், அல்லது தேவைக்கு மேல் நுரையீரலை வெட்ட நேரும். முடிச்சு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிதான் ஒயர். காலை நேரத்து அந்த அரை மணி, ஒரு மணி வேலை இதைத் தவிர்க்கத்தான்.

ஒயர் வைப்பது எப்படி? என்னென்ன சிக்கல் வரும்?
– வாசகர், திருச்சி

முதலில் மெல்லிய அடுக்குகளாக ஒரு சி.டி. எடுப்பார்கள். தொற்றால் வந்த முடிச்சு என்றால் இடைப்பட்ட வாரங்களில் கரைந்தே போயிருக்கலாம். அப்படியானால் அறுவையே வேண்டாம். இருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துவார்கள். கீழ்விளிம்பில் ரத்தக் குழாய் ஓடுகிறது. மேலுறையைத் துளைக்கும் நொடியில் மூச்சை நிறுத்தச் சொல்வார்கள். அப்போது இருமக் கூடாது. முடிச்சை ஒட்டி முனை நின்றதும் ஒயரைத் தள்ள, அதன் கொக்கி விரிந்து பிடித்துக்கொள்ளும். பிறகு ஊசி மட்டும் வெளியே வரும்.

தவறு அதிகம் நடப்பது இதற்கு அப்புறம்தான். வெளியே நீட்டியிருக்கும் ஒயரைத் தோலோடு இறுக்கி ஒட்டிவிட்டால், நுரையீரல் சுருங்கி உள்வாங்கும்போது கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தளர்வாக விட்டு மூட வேண்டும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி இறக்கும்போதும் அந்தப் பக்கம் கை படக் கூடாது. அதே நாளில், கூடுமானவரை சீக்கிரம், தியேட்டருக்குப் போய்விட வேண்டும்.

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது சகஜம். பெரும்பாலும் சிறிய அளவுதான், குழாய் போடத் தேவையிருக்காது. ஆனால் மயக்க மருத்துவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். இயந்திரம் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும்போது சிறு கசிவு பெரிதாகிவிடும். ரத்தக் குழாய்க்குள் காற்று புகுவது மிக மிக அரிது, உயிருக்கே ஆபத்தானது. ஊசியின் வாயைத் திறந்தபடி விடாமல் இருப்பது இதற்காகத்தான்.

ஒயருக்குப் பதில் பிளாட்டினம் சுருளும் வைக்கலாம். ஒரு முனை முடிச்சுக்கு அருகில், மறு முனை மேலுறையின் மீது. எளிதில் நழுவாது என்பதால் நாங்கள் இதையே விரும்புகிறோம். ஆனால் தியேட்டரில் எக்ஸ்ரே திரை உள்ள சி-ஆர்ம் இயந்திரம் கைவசம் இருந்தால் நல்லது. ஒயரோ சுருளோ, நுரையீரலை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியின் தாடைக்கு நடுவே உலோகம் சிக்கினால் தையல் சரியாக விழாது. அழுத்துவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீலச் சாயம் போட்டாலே போதும் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

சில இடங்களில் போதும். மெத்திலீன் புளூ என்ற அந்த நீலச் சாயம் மலிவானது, உலோகம் எதுவும் உள்ளே இருக்காது. ஆனால் நேரம் போகப்போகப் பரவி, எது குறி என்றே தெரியாதபடி திட்டாகிவிடும். புகைபிடித்தவர், பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர் நுரையீரலில் கரி படிந்திருக்கும். கறுப்பில் நீலம் தெரியாது. அவர்களுக்கு இண்டோசயனின் பச்சை என்ற சாயம் மேல். அகச்சிவப்புக் கேமராவில் அது ஒளிரும், ஆனால் அதற்கென்றே தனிக் கேமரா வேண்டும். மிக ஆழத்தில் இருக்கும் குறி அதிலும் தெரியாது. இந்தச் சாயத்தில் அயோடின் உண்டு என்பதால், அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் மறைந்த முடிச்சுக்கு வெளியிலிருந்து ஊசி செலுத்துவது கடினம். அதற்கு மூச்சுக்குழாய் வழியாக பிராங்கோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுச் சாயம் வைக்கலாம்.

இதய ஸ்டென்ட்டுக்காக குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறேன். நிறுத்தணுமா?
– வாசகர், புதுச்சேரி

அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவுசெய்யட்டும்.

முடிச்சு முழுசாக வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வார்கள்?
– வாசகி, மதுரை

வெட்டிய துண்டை ஒரு பைக்குள் போட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். துளையில் புற்றணுக்கள் ஒட்டாமல் இருக்க. பக்கத்து மேசையில் அதைத் தடவி, கீறிப் பார்ப்பார்கள். புற்று என்ற சந்தேகம் இருந்தால் சுற்றிலும் 2 செ.மீ., அல்லது குறைந்தது முடிச்சின் விட்டமளவு நல்ல திசு இருக்க வேண்டும். திசுவை உறையவைத்து உடனே பார்க்கும் உறைநிலைப் பரிசோதனையின் முடிவு வரும் வரை நோயாளி மயக்கத்திலேயே இருப்பார். துண்டில் முடிச்சு இல்லையென்றால் முடித்துவிடக் கூடாது. சி-ஆர்மில் குறியைத் தேடலாம், அல்லது நுரையீரலை நன்றாகச் சுருக்கி அதன்மேல் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கலாம். உள்ளே காற்று மிஞ்சியிருந்தால் அல்ட்ராசவுண்டில் ஒன்றும் தெரியாது.

நம் ஊரில் இன்னொன்றும் முக்கியம். புற்று போலத் தெரியும் முடிச்சு காசநோயாகவும் இருக்கலாம். திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய முடியாது. ஒரு துண்டையாவது உப்புநீரில், கல்ச்சருக்கும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லி அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.