ரஷ்யாவோட வாக்னர் மாதிரி கூலிப்படைக் கம்பெனிகள அரசாங்கமே வளத்துட்டு அப்புறம் ஏன் பயப்படுது? நம்மாளுங்க இதுல வேலைக்குப் போலாமா?

மொதல்ல அந்த 'கூலிப்படை'ங்கற வார்த்தையப் பத்திச் சொல்லிக்கறனுங்க. நம்மூரு பேப்பர்ல கூலிப்படைன்னா நெலத் தகராறுக்கு அருவா தூக்கிட்டு வர்ற பசங்க. நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல 17 வருசம் இருந்துட்டு அவில்தாரா வெளிய வந்து, கப்பல்ல துப்பாக்கிக் காவலுக்குப் போயிட்டிருந்தப்ப, தாராபுரத்துல ஒரு கண்ணாலப் பந்தியில சம்சாரம் வழி ஒறம்பரை ஒருத்தரு, "மாப்ள இப்ப கூலிப்படைல இருக்கறாப்டியாமா"ன்னு சத்தமாக் கேட்டாரு. பொக்குனு போச்சுங்க. பாயாசம் எறங்கல.

கேட்டவரு அநேகமா பென்சன் வரப்போற பட்டாளத்துக்காரரு, எவனோ ஏஜென்ட் வாட்ஸப்புல டாலர் கணக்கு காட்டியிருப்பான்னு நெனைக்கறேன். இல்லீன்னா மன்னிச்சுக்கங்க.

நான் போனது 2012ல. அப்ப சோமாலியாக் கொள்ளைக்காரனுகளுக்குப் பயந்துட்டு, ஆபத்தான கடல்னு போட்ட கோடு கெழக்கால 78 டிகிரி வரைக்கும் இருந்துச்சு, அதாவது கன்னியாகுமரிக்கு நேர் தெக்கு வரைக்கும் வந்துருது. இந்தியக் கொடி போட்ட கப்பல்லயும் ஆயுதக் காவல் வெச்சுக்கலாம்னு நம்ம கவர்மென்டே 2011ல சொல்லிருச்சு. நாலு பேர் ஒரு டீம். இலங்கைல காலே துறைமுகம் போய்க் கப்பல் ஏறி செங்கடல் வரைக்கும் ராப்பகலா டெக்குல நிக்கோணும். சிக்கல் என்னன்னா துப்பாக்கியோட எந்த நாட்டுக் கரையிலயும் சுளுவா எறங்க முடியாது. அதனால கரையத் தாண்டி நடுக்கடல்ல ஒரு பழைய கப்பல நிறுத்தி வெச்சிருப்பாங்க, அதுதான் ஆயுத குடோன், அதுதான் எங்களுக்கும் லாட்ஜ். அடுத்த டூட்டி வர்ற வரைக்கும் பத்து நாளோ இருவது நாளோ அதுல கெடக்கோணும். தண்ணி அளந்துதான் குடுப்பாங்க. மாட்டுக்கொட்டாய் தேவலைங்க.

2013 அக்டோபர்ல நான் அப்படி ஒண்ணுல கெடந்தப்பத்தான் தூத்துக்குடி சேதி வந்துச்சு. சீமேன் கார்டு ஓஹியோன்னு அமெரிக்கக் கம்பெனிக் கப்பல், சியரா லியோன் கொடி, 35 பேர உள்ள தூக்கிட்டாங்க. பிரிட்டிஷ்காரன், எஸ்டோனியாக்காரன், உக்ரைன்காரன், கூட நம்மாளுங்களும். எங்க டீம்ல இருந்த கேரளாப் பையன் அன்னைக்கு ராத்திரி சோறே திங்கல. எங்க ஆபீசுக்குப் போன் போட்டா "உங்க வேலையப் பாருங்க"ன்னு ஒரே பதில், அடுத்த மாசத்துல இருந்து அந்த நம்பரும் ஸ்விட்ச் ஆஃப். அந்த 35 பேருக்கு 2016ல அஞ்சஞ்சு வருசம் தண்டனை, பொறகு 2017 நவம்பர்ல மதுரை ஹைகோர்ட்டு எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. நாலு வருசம் போனது போனதுதான். போலீசு பண்ணது தப்புன்னு நான் சொல்ல வல்லீங்க, நம்ம கடல்ல துப்பாக்கியோட வந்தா புடிக்கத்தான் செய்வாங்க. ஆனா அந்தாளுங்களும் என்னைய மாதிரி சம்பளத்துக்கு நின்னவங்கதான?

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அரசாங்கத்துக்கு இதுல சௌகரியம், செத்தா கணக்குல வராது, மாட்டுனா எங்காளு இல்லைன்னுடலாம். ரஷ்யாச் சட்டத்துல கூலிப்படை குத்தம், 359-வது பிரிவு. வாக்னருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு அந்த அரசாங்கம் வருசக்கணக்கா சொல்லிட்டு, 2023 ஜூன்ல வாக்னர் மொதலாளி பிரிகோஜின் ரோஸ்தோவ்ங்கற ரஷ்ய ஊரப் புடிச்சு மாஸ்கோப் பக்கம் ஆள அனுப்புன பொறகு, புதினே வாயத் தொறந்து ஒரு வருசத்துல 8,600 கோடி ரூபிளுக்கு மேல நாங்கதான் குடுத்தோம்னாரு. சரியா ரெண்டு மாசத்துல, ஆகஸ்ட் 23ந் தேதி, பிரிகோஜின் போன விமானம் விழுந்துருச்சு. அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியமான்னு வருவீங்க, வாங்க, 2007ல பாக்தாத் நிசூர் சதுக்கத்துல பிளாக்வாட்டர்ங்கற அமெரிக்கத் தனியார் காவல் கம்பெனி ஆளுங்க 17 பேரச் சுட்டுக் கொன்னாங்க, தண்டனை வாங்குன நாலு பேருக்கும் 2020ல ட்ரம்ப் மன்னிப்புக் குடுத்துட்டாரு. நான் யாருக்கும் வக்காலத்து வாங்கல.

அவ்வளவு தூரம் எதுக்குங்க, நம்ம கொங்கு நாட்டையே ஒரு கம்பெனிதான புடிச்சுது. ஆடி 18க்குச் சின்னமலைக்கு மாலை போடறமே, 1805ல சங்ககிரிக் கோட்டைல அவரத் தூக்குல போட்டது லண்டன்ல பங்குதாரருங்க வெச்சிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. அதுக்கும் கடிவாளம் போடோணும்னு பிரிட்டிஷ் பார்லிமென்ட்டு 1773ல இருந்தே சட்டம் போட்டுட்டுத்தான் இருந்துச்சு, 1857 கலவரத்துக்கு அப்புறந்தான் மொத்தமாப் புடுங்குச்சு. சொல்லப்போனா என்ர ரெஜிமென்ட்டே 1758ல அந்தக் கம்பெனி ஆரம்பிச்சதுதான். இத வெலிங்டன்ல ட்ரெயினிங்ல சொன்னப்ப நெஞ்ச நிமித்திட்டுக் கேட்டேன், பந்தியில அந்தாளு கேட்டப்ப மட்டும் ஏன் சுருக்குனு இருந்துச்சுன்னு இன்னும் வெளங்கல.

சரி, சம்பந்தமில்லாம ஒண்ணு. 17 வருசம் கவர்மென்ட்டு துப்பாக்கி தூக்குனவன், மக்காச்சோளக் காட்டுல காட்டுப்பன்னி தொரத்த ஒரு ஒத்தக்கொழல் வெச்சிருக்கேன், லைசென்சோட. எலக்‌ஷன் வந்தா ஸ்டேசன்ல ஒப்படைக்கோணும். 2024ல குடுத்துட்டு வந்தேன், அந்த வாரமே பன்னி பூந்து அரை ஏக்கராவ உழுதுட்டுப் போயிருச்சு. திருப்பி வாங்கறப்ப துரு. ரைட்டர் ஐயாகிட்ட எண்ணெய் போட்டு வெக்கக்கூடாதுங்களான்னு கேட்டதுக்கு மொறைக்கறாரு.

போலாமான்னா, 2015 டிசம்பர்ல அந்த ஆபத்துக் கடல் கோட்ட மேக்கால 65 டிகிரிக்குத் தள்ளுனதுலயே எங்க பக்கம் பாதி வேலை போச்சு. அப்படியும் போறதுன்னா கப்பல் எந்த நாட்டுக் கொடி, துப்பாக்கி லைசென்சு யார் பேர்ல, மாட்டுனா வக்கீல் செலவு யாருதுன்னு மூணையும் எழுத்துல வாங்காம மூட்டையக் கட்டாதீங்க. எனக்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கிங்க. அந்த நம்பர இன்னும் அழிக்காம வெச்சிருக்கேன்.