பாப்லர் நாற்று வாங்கலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் எனக்கு 2 ஏக்கர் பழைய ரப்பர் இருக்கிறது. பால் ரொம்பக் குறைந்துவிட்டது. பாப்லர் மரம் நட்டால் ஆறே வருடத்தில் வெட்டி விற்கலாம் என்று ஒருவர் பையில் வளர்த்த நாற்றைக் காட்டினார். இலை பூவரசு மாதிரி இருக்கிறது. ‘மக்கள் மரம்’ என்பதுதான் பாப்லர் என்ற பெயரின் அர்த்தமாம். வாங்கலாமா?

பதில்: ஐயா, முன்பணம் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காவிட்டால் நல்லது.

ஆறு வருடக் கணக்கு பொய்யில்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஆனால் அங்கே குளிர்காலத்தில் மரம் இலையெல்லாம் உதிர்த்து ஓய்வெடுக்கும். அந்த மொட்டை மரத்தடியில் வெயில் விழுவதால்தான் ஊடுபயிராகக் கோதுமையும் விளைகிறது. இந்தியாவிலேயே 28 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே அது சரியாக வருவதில்லை. நாமோ 5 டிகிரியில் இருக்கிறோம். நமக்கு ஏது குளிர்காலம்?

பூவரசு என்று நீங்கள் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. பூவரசின் தாவரவியல் பெயர் தெஸ்பீசியா பாப்புல்னியா. பின்பாதிக்கு ‘பாப்லர் போன்றது’ என்று பொருள். இலைச் சாயலைப் பார்த்து வைத்த பெயர். இலைக்காம்பை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். பஞ்சாபில் நடும் பாப்லருக்குக் காம்பு பக்கவாட்டில் தட்டை, உருளாது. அதனால்தான் சிறு காற்றுக்கே இலை படபடக்கும். காம்பு உருண்டால் அவர் விற்பது வேறு ஏதோ.

‘மக்கள் மரம்’ பழைய கதை. லத்தீனில் பொபுலுஸ் என்றால் மக்கள், போபுலுஸ் என்றால் இந்த மரம். முதலெழுத்து ஒன்றில் குறில், மற்றதில் நெடில். படி வேறு, பாடி வேறு என்று நமக்குத் தெரியாதா?

பாப்லர் பலகை வெளுப்பாக, இலேசாக இருக்கும். தீக்குச்சி, பிளைவுட், பழப்பெட்டிக்குப் போகும். மோனாலிசா ஓவியம்கூட பாப்லர் பலகையில் தீட்டியதுதான்.

அதே மாதிரி இலேசான மரம் நம்மிடமே இருக்கிறது: கெலெம்பாயான். சபாவில் லாரான் என்பார்கள். வேறொன்றுமில்லை, நம் வெள்ளைக் கடம்புதான். ஈரமான மண்ணில் விறுவிறுவென வளரும். இளங்கன்றில் இலை தின்னும் புழு விழும், வாரம் ஒருமுறையாவது பாருங்கள். ஆனால் வாங்குகிற மில் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு கன்றுகூட நடாதீர்கள். லோரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும்.

அப்புறம், கையிலிருக்கும் ரப்பரை விறகு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். மேசை நாற்காலி செய்ய அதற்கு நல்ல கிராக்கி. வெட்டிய மரத்தைப் போட்டு வைத்தால் நீலப் பூசணம் பிடித்து விலை இறங்கும், அதனால் லோரியை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்கான அரசு அமைப்பான ரிஸ்டாவின் அலுவலகத்துக்குப் போய், உங்கள் நிலத்துக்கு மறுநடவு உதவி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.